மடியில் கனம்

இலோமன்ட்ஸிக்குக் கிழக்கே, எல்லைவேலிக்குச் சற்று முன்னால்,
பைன் மரங்கள் ஜூன் மாதத்திலேயே துருப்பிடித்து நின்றன.
ஐமோ துர்பெய்னன் மூன்று முறை போன் செய்துவிட்டார்:
பதினான்கு ஹெக்டேர். வந்து பாருங்கள்,
இல்லையென்றால் நானே மருந்தடித்துவிடுவேன்.

ஹில்மா வந்தாள்.
இடுக்கி, லென்ஸ், முந்தாநாள் மழையில் ஊறிய நோட்டு.
ஒரு கிளையை வளைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஊசிகளை வயதுவாரியாக எண்ணினாள்.

இந்த வருடத்துத் தளிர் நுனியில்,
மெழுகுவர்த்தி போல வெளிறி,
தொட்டால் விரலோடு வரும்.
போன வருடத்தது அதற்குக் கீழே: இல்லை.
அதற்கு முந்தையது: இல்லை.
ஊசி இருந்த இடத்தில் நடுநரம்பு மட்டும்
காய்ந்த வைக்கோல் சுருளாய்.

பார்த்தீர்களா, என்றார் ஐமோ.
எட்டு வருடம் கழித்து விற்று
வீட்டுக் கூரையை மாற்ற வைத்திருந்த மரங்கள்.
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், என்றாள்.

ஒரே கிளையில் நாற்பத்தொரு புழுக்கள்.
சாம்பல்பச்சை உடல், மிளகுத் தலை,
ஓர் ஊசியை இரண்டிரண்டாய் இருபுறமும் பற்றிக்கொண்டு
நுனியிலிருந்து அடிவரை, அவசரமில்லாமல்.

மரம் சும்மா இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது.
ஓடக் கால் இல்லாத ஒன்று
வேறென்ன செய்யும், சமைக்கும்.
வெயிலையும் காற்றையும் வைத்துப் பிசினைக் காய்ச்சி
ஊசிக்குள் ஓடும் நுண்குழாய்களில் நிரப்பிவைக்கும்:
கடித்தவன் வாய் ஒட்டட்டும், குடல் எரியட்டும்.
போன செப்டம்பரில் ஓர் ஈ
தன் ரம்பத்தால் ஊசியைக் கீறி முட்டை செருகியபோது
மரம் தன் மணத்தையே மாற்றிக்கொண்டிருக்கும்,
எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு குளவியைக் கூப்பிட.
குளவிக்குக் கேட்டிருக்கலாம்.
கூப்பிட்ட குரலுக்கெல்லாம் யாராவது வருகிறார்களா என்ன.

இடுக்கியால் ஒன்றைத் தொட்டாள்.
கிளை முழுவதும் சட்டென்று தலை தூக்கியது.
நாற்பத்தொரு உடல்கள் பின்னால் வளைந்தன,
வாய்க்கு ஒன்றாய்
நாற்பத்தொரு மஞ்சள் துளிகள்.

மரத்தின் விஷம்தான்.
விழுங்குவதில்லை அவை. தொண்டைக்கு அருகே இரண்டு பை,
பிசினை அங்கே ஒதுக்கிவிட்டு
மிச்சத்தைத்தான் வயிற்றுக்கு அனுப்புகின்றன.
எறும்பு வந்தால் முகத்தில் உமிழ.
மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
இங்கே கனம் இருப்பதால்தான் பயமே இல்லை.

ஹில்மா கையுறையைக் கழற்றி
ஒரு துளியை விரலில் வாங்கி நாக்கில் வைத்தாள்.
முதலில் எலுமிச்சைத் தோல், பிறகு வார்னிஷ்,
பிறகு வெகுநேரம்
நாக்கு இருக்கும் இடமே தெரியவில்லை.
இதை அவள் நோட்டில் எழுதவில்லை.

அப்படியானால் மரம் ஏன் இதைச் செய்துகொண்டே இருக்கிறது,
ஐமோ கேட்டார்,
திருடனுக்குத் துப்பாக்கி செய்து கொடுப்பது மாதிரி?

அவள் நுனித் தளிரைக் காட்டினாள்.
ஓரத்தில் ஒரே ஒரு கடி. அதோடு திரும்பிப் போயிருந்தார்கள்.
இதில் இருப்பது வேறு கசப்பு,
இதற்குப் பை இன்னும் தைக்கவில்லை அவர்கள்.
பழையதைத் தின்னக் கொடுத்துவிட்டு
புதியதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது உங்கள் மரம்.
பிழைத்துவிடும், அநேகமாக.

அநேகமாக, என்றார் ஐமோ,
அந்தச் சொல்லைத் தரையில் போட்டு மிதிப்பவர் போல.

ஏரிப்பக்கமிருந்து கொசு கிளம்பும் நேரம்.
சட்டைப்பையிலிருந்து பழுப்புச் சீசாவை எடுத்துக்
கழுத்தில், காதுமடலின் பின்னால், மணிக்கட்டில்
தார் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டார்.
பைன் அடிவேரை மூட்டம் போட்டு
போன கோடையில் அவரே வடித்தது.
கை தேய்க்கத் தேய்க்க
வாய் புழுக்களைத் திட்டிக்கொண்டிருந்தது:
திருட்டுப் பயல்கள். அடுத்தவன் சொத்தில்.

ஒரு கொசு அவரைச் சுற்றிவந்து, யோசித்து,
ஹில்மாவின் நெற்றியில் போய் உட்கார்ந்தது.

அவள் சிரிக்கவில்லை.
கையை நீட்டினாள்:
எனக்கும் அதில் கொஞ்சம்.